கொடுங்கையூர் மொட்டைமாடியில் பருந்து எண்ணியது: ஒரு கணக்குத் தகராறு

ஒரே மாலை, ஒரே மொட்டைமாடி, ஒரே வானம். என் நோட்டில் நானூற்றுச் சொச்சம் பருந்து. மச்சான் நோட்டில் நூறுகூட இல்லை. இரண்டு பேருக்கும் கண்ணில் கோளாறு கிடையாது. பொங்கல் முடிந்த முதல் சனிக்கிழமை கிளம்பிய இந்தத் தகராறு தீர மூன்று வாரம் ஆனது. எங்கே தப்பு நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம், எப்படித் திருத்தினோம் என்று முழுசாக எழுதி வைக்கிறேன். வேறு மாடியில் வேறு யாராவது எண்ண உட்கார்ந்தால் அதே பள்ளத்தில் விழ வேண்டாம்.

இடமும் ஆட்களும்

எங்கள் பக்கத்தில் மலை என்று சொல்ல இருப்பது ஒன்றுதான்: கொடுங்கையூர் குப்பைமேடு. 300 ஏக்கருக்கு மேல் பரப்பு. திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, ராயபுரம் என்று பாதி ஊரின் குப்பை பல வருடமாக இங்கேதான் வந்து கொட்டப்படுகிறது. பழைய குப்பையைக் கிளறிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலையும் இப்போது நடக்கிறது. மேட்டின் மேல் லாரி ஏறும்போது கீழேயிருந்து பார்த்தால் தீப்பெட்டி மாதிரி தெரியும்.

கோழிக்கடைக் கழிவும் எலியும் இருக்கும் இடத்தில் கள்ளப்பருந்து இல்லாமல் இருக்குமா? வருடம் முழுக்க உண்டு. குளிர்காலத்தில் கூட்டம் கூடும். பகல் முழுக்க மேட்டின் மேல் வட்டமடித்துவிட்டு, சாயங்காலம் மாதவரம் திசையில் இருக்கும் மரங்களைப் பார்த்துக் கிளம்பும். அந்தக் கிளம்பலைத்தான் எண்ண நினைத்தோம்.

மாடி நைனாவுடையது. தெருவே அவரை நைனா என்றுதான் கூப்பிடும். குப்பைமேட்டுக்குத் தெற்கே மூன்று மாடி வீடு, உச்சியில் புறாக் கூண்டு. கர்ணப் புறா நாலு ஜோடி, சாதாப் புறா அதற்கு மேல். எழுபது வயதைத் தாண்டிய மனிதர், பந்தயம் விட்ட காலத்திலிருந்து அண்ணாந்து பார்த்தே கழுத்தில் மடிப்பு விழுந்திருக்கிறது. வேலை பார்த்த காலத்தில் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையை எண்ணி எழுதுகிற உத்தியோகம். இது பின்னால் முக்கியமாகப் போகிறது என்று அன்றைக்கு எங்களுக்கு உறைக்கவில்லை. மாடிக்கு வாடகை கேட்காத பெரியவர், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தோம்.

முதல் சனிக்கிழமை

நாலரை மணிக்கு உட்கார்ந்தோம். வடக்கே பார்த்தால் வலக்கைப் பக்கம் குப்பைமேடு, நேர் எதிரே தண்ணீர் டாங்க் ஒன்று, இடக்கைப் பக்கம் தள்ளி ஒரு செல்போன் டவர். நான் மாடியின் கிழக்கு மூலையில் நின்று மேட்டைப் பார்த்தேன். டாங்குக்கு மேலே கடக்கிற பருந்துக்கெல்லாம் ஒரு கோடு. மச்சான் மேற்கு மூலையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பைனாகுலரை டவர் பக்கம் வைத்துக்கொண்டான்.

ஐந்து மணி வாக்கில் ஒரு பருந்து கைப்பிடிச் சுவருக்கு நேர் மட்டத்தில் வந்தது. பத்தடி தூரம் இருந்தால் அதிகம். சிறகு அசையவில்லை. வால் மட்டும் படகுச் சுக்கான் மாதிரி இப்படியும் அப்படியும் திரும்பியது. காலில் கோழிக்குடல் நீளமாகத் தொங்க, பறந்தபடியே காலை முன்னால் நீட்டி, தலையைக் குனிந்து ஒரு இழுப்பு இழுத்துத் தின்றது. சாப்பாட்டுக்காக எங்கும் உட்காரவேண்டிய அவசியமே அதற்கு இல்லை. நான் எழுத மறந்துவிட்டேன். அந்த ஒன்று என் நானூற்றில் சேரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

நைனா வீட்டம்மா டீயும் சுண்டலும் கொண்டுவந்தார்கள். காசிமேட்டுப் பக்கமிருந்து வழிதவறியதோ என்னவோ, வெள்ளைக் கழுத்தும் செம்பட்டை உடம்புமாக ஒரு செம்பருந்து கடந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “கருடனயும் குப்பைப் பருந்தோட சேத்தா எண்றீங்க?” என்றார்கள். இல்லை அம்மா, அதற்குத் தனிக் கட்டம் என்று மச்சான் நோட்டைக் காட்டினான். அவனுடைய நோட்டில் நிறையக் கட்டங்கள் இருந்தன. என் நோட்டில் ஒன்றே ஒன்று.

ஆறு மணிக்குமேல் வெளிச்சம் போனது. கூட்டிப் பார்த்தோம். அப்புறம் நடந்ததுதான் மேலே சொன்ன தகராறு. “மாமா, நீங்க கொசுவயும் சேத்துட்டீங்க” என்றான் அவன். நீ தூங்கிவிட்டாய் என்றேன் நான்.

மலையில் எப்படி எண்ணுகிறார்கள்

அந்த வாரம் படித்ததில் தகராறுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

வலசை போகும் கழுகையும் பருந்தையும் எண்ணுகிறவர்கள் மலையைத் தேடிப் போவதற்குக் காரணம் காற்று. வெயிலில் தரை சூடேறும்போது காற்று மேலே எழும். அகன்ற சிறகுள்ள பறவை அதில் ஏறி, சுற்றிச் சுற்றி உயரம் பிடித்து, உச்சிக்குப் போனதும் சிறகை விரித்தபடி அடுத்த ஏற்றம் கிடைக்கும் இடம் வரை சறுக்கிக்கொண்டே போகும். அடித்துப் பறந்தால் உடம்பு தாங்காத தூரம் அது. கடல் மேல் இந்த ஏற்றம் கிடைக்காது, அதனால் பெரும்பாலானவை கடலைச் சுற்றிக்கொண்டு போகும். மலைச்சரிவில் மோதி எழும்பும் காற்றும் கூடச் சேர்ந்தால், வழி தானாகக் குறுகிவிடும். ஜார்ஜியா நாட்டில் பட்டுமி என்ற ஊர், ஒரு பக்கம் கருங்கடல், மறுபக்கம் மலை. நடுவில் இருக்கும் சந்தில் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் 10 லட்சத்துக்கு மேற்பட்ட பறவைகள் கடக்கின்றன. தேன் பருந்தும் கள்ளப்பருந்தும் அதில் பெரும் பங்கு. 2008 முதல் அங்கே முறையாக எண்ணுகிறார்கள். மெக்சிகோவின் வெராகுரூசில் கணக்கு 40 லட்சத்தைத் தாண்டும். நேபாளத்தில் பொக்ராவுக்குப் பக்கத்தில் தூலாகர்கா என்ற மேட்டில் நின்றால், அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் இமயத்தின் ஓரமாகவே கிழக்கிலிருந்து மேற்கே ஸ்டெப்பி கழுகுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்க்கலாம்.

இதற்கெல்லாம் மூத்தது அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கும் ஹாக் மவுண்டன். அந்தச் சரிவில் இலையுதிர் காலமானால் துப்பாக்கியோடு ஏறி, கடக்கும் பருந்துகளை வேடிக்கைக்காகச் சுட்டுத் தள்ளுவது வழக்கமாக இருந்தது. 1934-ல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி மலையையே குத்தகைக்கு எடுத்து, காவலுக்கு மாரிஸ் பிரவுன் என்பவரை வைத்தார். காவலுக்கு வந்தவர் சும்மா இருக்காமல் எண்ணத் தொடங்கினார். உலகப் போர்க் காலத்து இடைவெளி தவிர அந்தக் கணக்கு இன்றுவரை ஓடுகிறது. வயதான கழுகையும் இளசையும் பிரித்து எழுதிவைத்ததால், டிடிடி என்ற பூச்சிமருந்து புழங்கிய காலத்தில் இளசுகள் குறைந்துகொண்டே போனது அந்த நோட்டிலேயே தெரிந்தது. எண்ணுவது வெட்டி வேலை என்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

சரி, தகராறுக்கு வருவோம். மலையில் எண்ணுகிறவர்கள் இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருக்கிறார்கள். ஒன்று, சுழலில் இருக்கும்போது எண்ணுவதில்லை. நூறு பறவை ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் சுற்றும்போது எண்ணினால் எது எண்ணியது, எது எண்ணாதது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. சுழலின் உச்சியிலிருந்து பிரிந்து, கொடியில் கோத்த மாதிரி வரிசையாகச் சறுக்கத் தொடங்கும்போதுதான் கையிலிருக்கும் கிளிக்கரை, அதாவது எண்ணும் கருவியை, அழுத்துகிறார்கள். இரண்டு, இனம் தெரியாத பறவையை விட்டுவிடுவதில்லை. அதற்கும் ஒரு கட்டம் உண்டு, அது மொத்தத்தில் சேரும். பட்டுமியில் பெண் பூனைப்பருந்துகளை மூன்று இனங்களுக்குள் பிரிக்க முடியாதபோது, மூன்று பெயரின் தலை எழுத்துகளையும் ஒட்டி ஒரே பெயராக்கி, அந்தக் கட்டத்தில் போடுகிறார்கள். தெரியாது என்பதை இவ்வளவு ஒழுங்காக எழுதும் வேறு தொழில் எனக்குத் தெரிந்து இல்லை.

நைனா நோட்டைக் கேட்டார்

இரண்டாவது சனிக்கிழமையும் அதே கதைதான். என்னுடையது நானூறை ஒட்டி, அவனுடையது நூறுக்குக் கீழே. நடுவே ஒரு சிரிப்பும் நடந்தது. மேட்டுக்கு மேலே அசையாமல் நின்ற ஒன்றைப் பெரிய கழுகு என்று நான் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். நைனா பைனாகுலர் இல்லாமலே, “அது நூல்ல நிக்குது கண்ணு” என்றார். காத்தாடி.

அன்றைக்குக் கூட்டி முடித்துவிட்டு இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது இரண்டு நோட்டையும் வாங்கிப் பார்த்தார். முதலில் என்னிடம் கேட்டார்: “மூட்டைய குவியல்ல எண்ணுவியா, கொக்கியில எண்ணுவியா?”

புரியவில்லை. விளக்கினார். கப்பலின் அடித்தளத்தில் பத்தாயிரம் மூட்டை குவிந்திருக்கும். கூலிக்காரர்கள் மேலே ஏறி நடப்பார்கள், சரிந்து விழும், இடம் மாறும். அங்கே போய் எண்ணுகிறவன் பைத்தியம். கிரேன் கொக்கியில் மூட்டை கட்டிய ஸ்லிங் மேலே ஏறி, கப்பல் விளிம்பைத் தாண்டும் அந்த ஒரு நொடியில்தான் கணக்கு. நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே அடிப்பது. கப்பல் பக்கம் ஒரு டாலி, கரைப் பக்கம் ஒரு டாலி. இரண்டும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. ஒத்துப்போகாத நாள்தான் அதிகம் என்றும், அப்போது யார் பொய்யன் என்று யாரும் கேட்பதில்லை, யார் எங்கே நின்றான் என்றுதான் கேட்பார்கள் என்றும் சொன்னார்.

அப்போதுதான் நான் எங்கே நின்றேன் என்று யோசித்தேன். டாங்க் குப்பைமேட்டின் விளிம்பிலேயே இருக்கிறது. கடற்காற்று கிழக்கிலிருந்து வீச, சுழலே மெல்ல மேற்கே நகரும். சுற்றிக்கொண்டிருக்கும் பருந்து தன்னையறியாமல் டாங்கைத் தாண்டும். தீனி இன்னும் மேட்டில்தான் இருப்பதால், சிறகடித்துத் திரும்பவும் வரும். மறுபடி காற்று தள்ளும். நான் போனதற்கும் கோடு போட்டேன், வந்ததற்கும் போட்டேன், மறுபடி போனதற்கும் போட்டேன். ஒரே பருந்து என் நோட்டில் மூன்று பருந்தாக உட்கார்ந்திருந்தது. திசை எழுதாததால் பழைய கணக்கைத் திருத்தவும் வழியில்லை. இரண்டு மாலையும் தண்டம்.

மச்சான் முகத்தில் வந்த சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை. நைனா அவன் நோட்டில் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார். தலைப்பில் வெறும் கேள்விக்குறி. அதற்குக் கீழே ஐம்பது கோட்டுக்குமேல் இருந்தது. மொத்தத்தில் சேர்க்கவில்லை. ஏன் என்றால், “வால் பிளவு தெரியல நைனா, செம்பருந்துக் குஞ்சா இருக்கலாம்.”

அவன் சந்தேகத்தில் நியாயம் உண்டு. வளர்ந்த செம்பருந்தை எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் அதன் இளசு பழுப்பாக இருக்கும், தூரத்தில் கள்ளப்பருந்து போலவே தோன்றும். வால்தான் பிரித்துக் காட்டும். செம்பருந்துக்கு உருண்ட முனை, கள்ளப்பருந்துக்கு நடுவே பிளவு. ஆனால் அந்தப் பிளவு வாலை மடக்கி வைத்திருக்கும்போதுதான் தெரியும். திரும்புவதற்காக வாலை விசிறி போல விரித்தால் பிளவு மறைந்துவிடும். அவன் பார்த்த நேரத்தில் வாலை விரித்திருந்த ஒவ்வொன்றும் கேள்விக்குறிக்குப் போனது. கறாராக இருந்தே கணக்கைக் கெடுத்திருக்கிறான். என் தப்பு சோம்பலில் வந்தது, அவனுடையது நேர்மையில் வந்தது. கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவனுடைய கட்டங்களை எல்லாம் சேர்த்துக் கூட்டினால் நூற்றைம்பதை ஒட்டி வந்தது. அவன் பார்த்தது டவர் பக்கம். அங்கே கடந்தவை திரும்பி வரவில்லை. தெரியாமலேயே அவன் கொக்கியடியில் நின்றிருக்கிறான். நான் குவியலுக்குள் நின்றிருக்கிறேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு டீ தேவைப்பட்டது.

மூன்றாவது சனிக்கிழமை

டாங்கை விட்டோம். டவரின் உச்சியிலிருந்து வானத்துக்கு நேராக ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டோம். வலமிருந்து இடம் கடந்தால் நோட்டின் இடப் பக்கம் கோடு, திரும்பி வந்தால் வலப் பக்கம் கோடு, முடிவில் கழித்துக்கொள்வது. இனம் நிச்சயமில்லாதது தனிக் கட்டம், ஆனால் மொத்தத்தில் சேரும். கால் மணிக்கு ஒரு முறை அடியில் கோடிழுத்து நேரம் எழுதுவது. இரண்டு பேரும் டவரைப் பார்த்தபடி தள்ளித் தள்ளி உட்கார வேண்டும், வாயால் எண்ணக் கூடாது. ஒருவர் எண்ணுவது காதில் விழுந்தால் மற்றவர் கை தானாக அதையே எழுதிவிடும்.

ஐந்து மணிக்கு மேட்டின் மேல் சுழல் கட்டியபோது கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். மச்சான் போனில் ஒரு படம் மட்டும் எடுத்தான். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் புள்ளி புள்ளியாக எண்ணியதில் அறுபதைத் தாண்டியது. கண்ணால் பார்த்தபோது இருநூறு என்று சத்தியம் செய்திருப்பேன். சுற்றுகிற எதுவும் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும்போல.

ஐந்தே முக்காலுக்குமேல் ஓட்டம் பிடித்தது. வெயில் சாய்ந்து ஏற்றக்காற்று அடங்க, மிச்ச உயரத்தைச் செலவழித்து ஒவ்வொன்றாகச் சறுக்கி வந்தன. சில நிமிடங்கள் டவருக்கு மேலே இடைவெளியே இல்லை. எழுதுகிற கை வலித்தது. வெளிச்சம் போய் நோட்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு கை விரலுக்குள். இரண்டுமே நூற்றைம்பதுக்குப் பக்கம். நைனா இரண்டு நோட்டிலும் பேனாவால் ஒரு கிறுக்கு கிறுக்கினார். கப்பல் டாலிக்குப் போட்ட கையெழுத்து அதுதானாம்.

இந்த நூற்றைம்பதை வைத்து கொடுங்கையூரில் பருந்து இவ்வளவு என்று யாரும் எழுதிவிட வேண்டாம். மேட்டின் தெற்கு விளிம்பிலிருந்து பார்த்தபோது ஒரு மாலையில் ஒரு கோட்டைத் தாண்டியவை, அவ்வளவுதான் அதற்குப் பொருள். வடக்கே வேறு வழியில் போனவை இதில் இல்லை. இன்னொன்றும் உண்டு. நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தில் அமூர் வல்லூறு லட்சக்கணக்கில் வந்து தங்கும். அது தங்கும் கூட்டம். பட்டுமியில் கடப்பது நிற்காத ஓட்டம், அங்கே இன்று போனது நாளை திரும்பாது. எங்கள் பருந்து காலையில் வேலைக்கு வந்து சாயங்காலம் வீட்டுக்குப் போகிறது, வியாசர்பாடி ஜீவா ரயில் நிலையத்தில் இறங்கும் ஜனம் மாதிரி. ஏழு நாள் எண்ணி ஏழையும் கூட்டினால் ஒரே பருந்தை ஏழு முறை கூட்டியதாக ஆகும். மலையில் தினக் கணக்கைக் கூட்டலாம், இங்கே கூட்டக் கூடாது.

பாக்கி இருப்பவை

குளிர்காலத்தில் கூட்டம் ஏன் கூடுகிறது என்ற கேள்விதான் இப்போது எங்களைப் பிடித்து ஆட்டுகிறது. டெல்லியில் குளிர்காலத்துப் பருந்துகளின் முதுகில் ஜிபிஎஸ் கருவி கட்டிப் பார்த்த ஆய்வு 2020-ல் வெளியானது. அங்கே குப்பைமேட்டில் தின்னும் கருஞ்செவிப் பருந்துகள், கோடை தொடங்கும்போது 6,000 மீட்டருக்கும் மேலே ஏறி இமயத்தைத் தாண்டி, 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால் மத்திய ஆசியாவுக்கும் சைபீரியப் பக்கத்துக்கும் போகின்றன என்று தெரிந்தது. கள்ளப்பருந்திலேயே அது ஒரு வகை. கொஞ்சம் பெரிது, கண்ணுக்குப் பின்னால் கருந்திட்டு, சிறகின் அடியில், விரல் மாதிரி பிரிந்த நுனி இறகுகள் தொடங்கும் இடத்தில் பெரிய வெளுத்த திட்டு. டெல்லியில் கோழிக்குடலுக்கு வருகிறது என்றால் இங்கே வரக் கூடாது என்று சட்டமா? நோட்டில் அதற்கொரு கட்டம் போட்டிருக்கிறோம். வெளுத்த திட்டு தெளிவாகத் தெரிந்தால் மட்டும் கோடு, படம் இருந்தால் பக்கத்தில் ஒரு புள்ளி. மே மாதம் அதே கோட்டில், அதே நேரத்தில் உட்கார்ந்து பார்ப்பதாகத் திட்டம். வெயில் மண்டையைப் பிளக்கும், குப்பை புகைந்தால் கண் எரியும். இருந்தாலும் ஜனவரியை ஒப்பிட ஒரு மே வேண்டும்.

நைனாவுக்கு இதிலெல்லாம் பெரிய ஆர்வமில்லை. அவருக்கு வேண்டியது பைரி, புறாவை அடிக்கும் வேட்டைப் பறவை. கூர்மையான சிறகோடு அது வந்தால் புறாவை இறக்கிவிட வேண்டும். எங்கள் நோட்டில் பைரிக்கும் ஒரு கட்டம் கேட்டு வாங்கியிருக்கிறார், அதில் அவர் மட்டும்தான் எழுதுவார். இதுவரை ஐந்தாவது குறுக்குக் கோடு விழவில்லை.

போன வாரம் போனபோது எதிர் வீட்டில் இன்னொரு மாடி எழுப்பக் கம்பி கட்டியிருந்தார்கள். தளம் போட்டால் டவர் பாதிக்குமேல் மறைந்துவிடும். மச்சான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். நைனா புறாவுக்குக் கம்பு இறைத்துக்கொண்டே அந்தக் கம்பிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அவங்க மாடி ஏறிச்சுன்னா நம்ம கூண்டு மேல பலகை போட்டு ஏறிக்கலாம். ஆனா டவர் தெரியுதான்னு மொதல்ல நீ ஏறிப் பாரு, என் முட்டி கேக்காது” என்றார். ஏணி மச்சான் வீட்டில் இருக்கிறது. சனிக்கிழமை கொண்டுவருகிறான்.